சியோ லான் ஏரியில் 'நாம் தாலு குகை' என்று பணம் கட்டுமுன் படியுங்கள்

தாய்லாந்தின் காவோ சோக் தேசியப் பூங்காவில் ஏரிச் சுற்றுலா விற்கும் ஒரு ஏஜென்சி, 6 பேர் கொண்ட எங்கள் குழுவிடம் செப்டம்பர் மாதத்துக்கு 'நாம் தாலு குகை' என்று எழுதி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியது. படகு ஏரியின் நடுவே போனபிறகுதான் "குகை மூடியிருக்கிறது, பாக்கராங் குகைக்குப் போகலாம்" என்றார்கள். மழைக்காலத்தில் பூங்கா நிர்வாகம் நாம் தாலுவை மூடிவிடும் என்பது அங்கே தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். ஒரு பாட் (தாய்லாந்து நாணயம்) கூடத் திருப்பித் தரவில்லை.

குகையை மாற்றியதில் தப்பே இல்லை. மூடியிருக்கும் குகையை விற்றதுதான் மோசடி. இந்த நிலைமையில் மாட்டினால் "கொடுத்த காசுக்கு அங்கேயே கூட்டிப் போ" என்று வழிகாட்டியை நெருக்காதீர்கள். 2007 அக்டோபரில் இதே நாம் தாலுவுக்குள் திடீர் வெள்ளம் புகுந்து 8 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு.

அந்தக் குகையில் நடக்கத் தனிப் பாதை கிடையாது, ஓடைதான் பாதை. ஒரு வாயிலில் நுழைந்து மலையைத் துளைத்து மறு வாயிலில் வெளியேறுகிறது. சில இடங்களில் நீந்தித்தான் கடக்கவேண்டும். சுண்ணாம்புப் பாறை மழைநீரைத் தேக்கி மெல்ல விடாது, விரிசல்கள் வழியாகச் சட்டென்று ஓடைக்கு இறக்கிவிடும். அதனால் வாயிலில் வெயில் அடிக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை உள்ளே வந்து சேரலாம். குறுகலான இடத்தில் தண்ணீருக்குப் பரவ வழியில்லை, உயரத்தான் செய்யும். எந்த ஓடைக் குகையிலும் தலைக்கு மேல் விளக்கைத் திருப்பிப் பாருங்கள். கூரை இடுக்கில் காய்ந்த குச்சியும் சருகும் செருகியிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாயில் கண்ணெதிரே இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் உயரமான திட்டில் ஏறி, நீர் வடியும்வரை அங்கேயே இருங்கள்.

"சாமான் எல்லாம் நாங்களே தருவோம்" என்ற பேச்சையும் நம்பவேண்டாம். 6 பேருக்கு 4 தலைவிளக்குதான் வந்தது. ஒன்றில் பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது, தட்டினால் எரியும், தலையை ஆட்டினால் அணையும். ஹெல்மெட் ஒன்றுகூட இல்லை. குகைக்குள் போய்ப் பழகியவர்களின் கணக்கு ஆளுக்கு 3 விளக்கு, அதில் ஒன்று ஹெல்மெட்டிலேயே இருக்கவேண்டும், மாற்று பேட்டரி தனி. ஹெல்மெட்டுக்குத் தாடை வார் அவசியம், இல்லாவிட்டால் முதல் இடியிலேயே கழன்றுவிடும். நீந்தும் பகுதி இருந்தால் லைஃப் ஜாக்கெட்டைப் படகிலேயே கழற்றி வைக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் செருப்பை ஓடை இழுத்துக்கொண்டு போய்விடும். கயிறு கட்டும் ஷூதான் சரி.

பணம் கட்டுமுன் எந்தக் குகை, மூடியிருந்தால் எது, எவ்வளவு திருப்பித் தருவார்கள், ஆளுக்கு எத்தனை விளக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதியில் குகை திறந்திருக்குமா என்று பூங்கா அலுவலகத்திலேயே கேளுங்கள். மீதிப் பணத்தைப் படகுத்துறையில், விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவைத்துப் பார்த்தபிறகே கொடுங்கள்.