இன்வெர்ட்டர் வாங்கி இரண்டு வருடம்: ஃபேன் ஓடுது, மிக்சி ஓடாது

900 விஏ சைன்வேவ் இன்வெர்ட்டர், கூட ஒரு 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இன்வெர்ட்டருக்கு ஐந்துக்கு நாலு, மாட்டிக்கொடுத்த கடைக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.

கடையிலிருந்து வந்தவர் எந்த லைனை இன்வெர்ட்டரில் கொடுக்கணும் என்று கேட்கவே இல்லை, போர்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இணைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே கரண்ட் போன நேரம் அம்மா சட்னிக்கு மிக்சியைப் போட, இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி மொத்த வீட்டையும் அணைத்துவிட்டது. 900 விஏ என்றால் 900 வாட்ஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் மாடலில் இழுக்க முடிவது 700 வாட்ஸ் சொச்சம்தான், மிக்சியே 750, அதுவும் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். கடைக்கு ஃபோன் பண்ணினால் "பெரிய இன்வெர்ட்டரா மாத்திக்கலாம் சார்" என்கிறார்கள்! அப்புறம் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபேன், லைட், ரூட்டர் மட்டும் தனி லைனாகப் பிரித்துக் கொடுத்தார், அன்றிலிருந்து அந்தக் கத்தல் இல்லை.

இன்வெர்ட்டர் பெரிதானால் ஒரே நேரத்தில் அதிகச் சாமான் ஓடும், அவ்வளவுதான், எத்தனை மணி நேரம் ஓடும் என்பது பேட்டரி கையில். 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-அவர், பேட்டரியை ஒட்டக் காயவிடக் கூடாது, பேட்டரி கரண்டை இன்வெர்ட்டர் வீட்டுக் கரண்டாக மாற்றும்போது வீணாவதும் உண்டு, அதனால் நான் 1200 என்றே கணக்கு வைத்துக்கொள்கிறேன். எங்கள் பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட்ஸ். இரண்டு ஃபேன், இரண்டு டியூப் லைட், ரூட்டர் எல்லாம் சேர்த்து 200, ஆக ஆறு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் மாலை வரை தாங்காது, சித்திரை வெயிலில் விசிறிமட்டைதான். பேட்டரியை இன்னொன்று சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அதே அண்ணன்தான், ஃபேனை மாத்துங்க என்றார். பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது, 30 வாட்ஸ்தான் இழுக்கிறது. இரண்டையும் மாற்றியதும் மொத்த லோடு 110, இப்போது பத்து மணி நேரம் தாராளமாக ஓடுகிறது. ஒரு பேட்டரி விலையில் பாதிகூட ஆகவில்லை.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. யுபிஎஸ் பக்கம் வைத்தால் வோல்ட்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் தெருவில் சாயங்காலம் லோ வோல்ட்டேஜ் சகஜம், அதனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. மற்றப் பக்கம் வைத்தால் 100 வரை சமாளிக்கும், ஆனால் மாறும் நேரம் கூடுதல், ரூட்டர் அணைந்து எழும். நான் ரூட்டரைத் தியாகம் செய்துவிட்டேன்.

ஒரு மதிப்பெண் குறைத்தது அந்த டிஸ்ப்ளேவுக்காக. 'மீதி 4 மணி' என்று காட்டும், டிவியைப் போட்டதும் இரண்டு என்னும். பேட்டரியின் தண்ணீர் மட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் கிட்ட வரக் கூடாது. சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் படிக்கட்டுக்கு அடியில் அடைத்து வைத்திருந்ததைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தினோம், ஐம்பது கிலோவுக்கு மேல், இடுப்பு போய்விட்டது, டிராலியை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

பராமரிப்பு நாள் என்று மெசேஜ் வந்தால் அம்மா எட்டரைக்கே சட்னியை அரைத்து வைத்துவிடுகிறார்.