சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரியும் நான்கு பழுதுநீக்கப் பொருள்களும்: ஒரு மதிப்பீடு

எம்-சீல், டெஃப்லான் டேப், சிலிக்கோன் சீலன்ட், டைல் இணைப்புகளை நிரப்பும் எபாக்சி கிரவுட் ஆகிய நான்கு பொருள்களையும் எங்கள் சமையலறையில் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்டிருந்த வேலைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வீடு தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் இருக்கும் பழைய வீடு, போர்வெல் தண்ணீர், குழாய் முனைகளில் வெள்ளையாக உப்புப் படியும் அளவுக்குக் கடினமான நீர். சிங்க்குக்கு அடியில் ஈரம், மேடைக்கும் சுவருக்கும் இடையே விரிசல், டைல் இணைப்புகளில் கறுப்பு, நிற்காமல் சொட்டும் குழாய் என்று இத்தகைய வீடுகளில் வழக்கமாகக் காணப்படும் குறைகள் எல்லாமே இங்கும் இருந்தன. நான்கு பொருள்களும் நல்ல பொருள்கள்தாம் என்பது என் முடிவு. ஆனால் நான்குமே, தாம் ஒட்ட வேண்டிய பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் மட்டுமே வேலை செய்பவை. அந்தப் பரப்பை அடைய வேண்டுமானால் முதலில் அலமாரியைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சமையலறைகளில் சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரிதான் எதற்கும் இடமில்லாத பொருள்கள் போய்ச் சேரும் இடம். கைப்பிடி உடைந்த வாணலி, மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், பூச்சு உரிந்த தோசைக்கல், காஸ்கட் இறுகிப்போன பழைய குக்கர், துணிக்கடைப் பைகளின் பொதி, பாதி தீர்ந்த பினாயில் பாட்டில்கள் ஆகிய யாவும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. இவை இடத்தை அடைப்பதைவிடப் பெரிய தீங்கு, கசிவை மறைப்பது. கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலிருந்து கசியும் நீரைப் பைகளும் அட்டைகளும் உறிஞ்சிக்கொள்வதால், பிளைவுட் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்து, கரப்பான் குடியேறிய பிறகே கசிவு கண்ணில் படுகிறது. எனவே அலமாரியில் உள்ளவற்றை முழுவதும் வெளியே எடுத்து, உள்ளே துடைத்து, கதவைத் திறந்தே வைத்து உலரவிட்டு, தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டுப் பார்ப்பதே சரியான தொடக்கம். தாளில் ஈரம் விழும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் இணைப்பு எது என்று தெரிந்துவிட்டால், கடைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் எம்-சீல். இது பிடிலைட் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆயினும் இவ்வகை எபாக்சி புட்டி எதையும் நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயராலேயே கேட்கிறோம். ரெசின் ஒன்று, அதை இறுக்கும் ஹார்டனர் ஒன்று என்று இரு பகுதிகளாக வருவதைச் சம அளவில் எடுத்து, இரு நிறமும் கோடுகூடத் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். கோடு தெரியும் இடத்தில் இரு பகுதிகளும் சேரவில்லை என்று பொருள்; அந்த இடம் எத்தனை நாளானாலும் முழுமையாக இறுகாது. ஹார்டனர் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஆகவே கையுறை அணிவது நல்லது. சென்னை வெயிலில் கலவை விரைவாக இறுகத் தொடங்கும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து உடனுக்குடன் வைப்பதே வசதி. பூசிய பிறகு ஓர் இரவு தண்ணீர் விடாமல் இருந்தால், அழுத்தம் இல்லாத இடங்களில் அது கல்லைப் போல நிற்கிறது. எங்கள் சிங்க்கின் அடிவாய் இணைப்பில் இருந்த வெடிப்பு இதனால் முழுமையாக அடைபட்டது.

ஆனால் இந்தப் பொருளிடம் நாம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம் என்றே சொல்வேன். மாடித் தொட்டியிலிருந்து அழுத்தத்துடன் இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் துரு ஓட்டை விழுந்திருந்தால், அதன்மேல் எம்-சீல் அப்புவது சில காலத்துக்கு ஒத்திவைப்பதே தவிரப் பழுது நீக்கம் ஆகாது. குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்திருக்கிறது. அடைத்த ஓட்டைக்கு அடுத்த இடம் திறந்துகொள்ளும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கை எபாக்சி பற்றிக்கொள்வதும் இல்லை. நெளிவுநெளிவாக மடங்கும் வேஸ்ட் பைப் கிழிந்துவிட்டால், அதைச் சுற்றிப் புட்டி அப்பாமல் புதிய பைப் மாற்றுவதே விலையிலும் உழைப்பிலும் மலிவு. அப்படி மாற்றும்போது பாட்டில் டிராப் ஒன்றையும் சேர்த்து வைப்பது பெரும் நன்மை. அதன் அடியில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. கரப்பானின் வழியையும் பெரும்பாலும் அடைக்கிறது.

டெஃப்லான் டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலைக்கு மீறிய பயன் தரும் பொருள். அதில் பசை ஏதும் இல்லை; மரைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவதும், இறுக்கும்போது வழுக்கிக் கொடுப்பதும்தான் அதன் வேலை. மரையின் முனை நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பொருத்தும்போது டேப் அவிழ்ந்து சுருண்டுவிடும். ரப்பர் வாஷரால் அடைபடும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்கு இது தேவையே இல்லை. பிளாஸ்டிக் பொருத்துகளில் தடிமனாகச் சுற்றி முறுக்கினால் வெளிப்பகுதி வெடித்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

குழாய் சொட்டுவதற்கு டேப் மருந்தல்ல. பழைய வகைக் குழாயானால் உள்ளே தேய்ந்திருக்கும் வாஷரையும், கால் சுற்றில் மூடும் வகையானால் உள்ளிருக்கும் பீங்கான் வட்டுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும். ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒன்றாகச் சொட்டும் குழாய் ஒரு நாளின் 86,400 விநாடிகளில் 21 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் ஒரு குடத்துக்கும் மேலான இந்த நீரை ஒரு சிறு வாஷருக்காக நாள்தோறும் இழப்பது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. முனையில் படிந்த உப்புக்கு வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றிவைத்தால் போதும். ஆசிட் ஊற்றினால் உப்போடு குரோமியப் பூச்சும் போய்விடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

நான்கில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது சிலிக்கோன் சீலன்ட். சமையல் மேடையின் கிரானைட்டும் சுவர் டைலும் சந்திக்கும் கோட்டில் பொதுவாக வெள்ளைச் சிமெண்டைத்தான் பூசுவார்கள். வெப்பத்தாலும் அதிர்வாலும் மேடையும் சுவரும் வெவ்வேறு விதமாக அசைவதால் சில மாதங்களில் அது மயிரிழையாக வெடிக்கிறது, வெடிப்பின் வழியே இறங்கும் நீர் கீழ் அலமாரியின் பின்பலகையைக் கெடுக்கிறது. சிலிக்கோன் இறுகிய பிறகும் ரப்பரைப் போல நெகிழ்வதால், அசையும் இணைப்புக்கு அதுவே தகுந்தது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் வகை. இறுகும்போது வினிகர் நெடி வீசும் அசிட்டாக்சி வகை கண்ணாடிக்கும் மெருகிட்ட டைலுக்கும் பொருந்தும். மார்பிள் போன்ற கற்களையும் சில உலோகங்களையும் அதிலிருந்து வெளிப்படும் அசிட்டிக் அமிலம் பாதிக்கும். கல் மேடைக்கு அந்த அமிலத்தை வெளியிடாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பூஞ்சைத் தடுப்புச் சேர்த்தது என்று உறையில் அச்சிட்டிருந்தால் சமையலறைக்கு இன்னும் ஏற்றது.

பழைய சிமெண்டையும் பழைய சிலிக்கோனையும் பிளேடால் முழுவதும் சுரண்டி எடுக்காமல் புதியதைப் பூசினால் பயனில்லை. இறுகிய சிலிக்கோனின்மேல் புதிய சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முனையைச் சாய்வாக வெட்டிய டியூபைச் சீலன்ட் பிதுக்கும் துப்பாக்கியில் பொருத்தி ஒரே சீராக இழுத்துச் செல்ல வேண்டும். பிறகு சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரு முறை தடவி, மேல்தோல் இறுகுவதற்குள் டேப்பை உரித்துவிட்டால் கோடு நேர்த்தியாக அமையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் பொருள் என்பதால், தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். மேடையில் ஒரு நாள் சமையலை நிறுத்த வீட்டார் சம்மதிப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

எபாக்சி கிரவுட்டைப் பொறுத்தவரை, பொருளுக்கு முழு மதிப்பெண்ணும், அதை நாமே செய்துகொள்வதற்குக் குறைந்த மதிப்பெண்ணும் தருவேன். சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் கொண்டது. அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரில் தாளிப்பு எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கறுத்துப்போகும். எத்தனை தேய்த்தாலும் பழைய நிறம் திரும்பாது. எபாக்சி கிரவுட் ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. ஈரத் துணியால் துடைத்தாலே போதும். ஆனால் பழைய கிரவுட்டைக் குறைந்தது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்காவது கீறி எடுக்க வேண்டும். கலந்த பின் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறைவு. டைலின் மேல் படிந்த மெல்லிய படலத்தை உடனே துடைக்காவிட்டால் அது இறுகி நிலையாகிவிடும். ஒரு சிறு சதுரத்தில் பழகிப் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடுவது நல்லது; சுவர் முழுவதும் செய்ய வேண்டுமானால் இதில் பழகிய டைல் வேலைக்காரரை அழைப்பதே சரி.

இத்தனைக்கும் இடையே அடுப்புக்குப் பின்னால் கைபோகும் வாய்ப்புக் கிடைக்கும்போது, கேஸ் குழாயையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் பரிந்துரைக்கும் சுரக்ஷா ரப்பர் குழாயில் அதன் காலவரம்பு அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதே அவர்களின் அறிவுரை. பாத்திரங்கள் குவிந்த மேடையில் அந்த எழுத்து பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. குழாயில் டேப் சுற்றுவதோ எம்-சீல் பூசுவதோ கூடவே கூடாது. விரிசல் தெரிந்தால் மாற்றம் ஒன்றே வழி. கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906.

வெளியே எடுத்த பொருள்களில் திரும்ப உள்ளே போனவை மிகச் சில. பூச்சு உரிந்த நான்-ஸ்டிக் பாத்திரங்களை வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. பெரும்பாலும் அந்தப் பூச்சும் டெஃப்லான் டேப்பும் ஒரே பொருளால் ஆனவை. சுமார் 260 டிகிரி செல்சியசுக்கு மேல் அது சிதையத் தொடங்குகிறது, வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்தால் அந்த வெப்பம் விரைவில் வந்துவிடும். பழைய குக்கருக்கு அதே நிறுவனத்தின் காஸ்கட்டும் சேஃப்டி வால்வும் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். அடிப்பாகம் உப்பியிருந்தால் அதைப் பாத்திரக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

பழைய பாத்திரங்களை எடையிட்டுப் புதியவை தரும் எங்கள் பகுதிக் கடையின் சேவை, எவர்சில்வரையும் அலுமினியத்தையும் பொறுத்தவரை நேர்மையாக இருந்தது: நம் கண்முன்னே தராசில் வைத்தார்கள், பேக்கலைட் கைப்பிடியின் எடையைக் கழிப்பதை முன்கூட்டியே சொன்னார்கள், அன்றைய விலையைச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பித்தளையையும் வெண்கலத்தையும் மட்டும் ஒரே குவியலாகக் கொடுத்துவிடாதீர்கள். தகரம் கலந்த வெண்கலத்துக்கு விலை கூடுதல் என்பதால் இரண்டையும் தனித்தனியே எடைபோடச் சொல்ல வேண்டும். எங்கள் பித்தளை அண்டாவை நான் கொடுக்கவில்லை. ஈயம் (வெள்ளீயம்) பூசுபவரிடம் கொடுத்து உட்புறம் புதுப்பூச்சு ஏற்றிய பின் அது பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மீண்டும் பயன்படும். பூச்சு இல்லாமல் புளியோ தயிரோ சேர்ந்த உணவை அதில் வைக்கக் கூடாது என்பதால், அதுவரை அரிசி கொட்டி வைக்க மட்டும் பயன்படுத்துகிறோம்.