கோவையில் ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்குக் காயில் மாற்றிய கதை

அண்ணன் வைத்திருக்கும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸை, நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய டிக்கி, குடும்பம் மொத்தமும் ஏறலாம், பார்க்க ரொம்ப சாது. ஆனால் 2004 வாக்கில் இந்தியாவில் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் 150 குதிரைசக்தியும் ஷோரூமில் கிடைக்கிற சமாச்சாரமா? ஐரோப்பாவில் விற்ற ஆர்எஸ்ஸில் 180. அந்த முப்பது குறைந்ததைப் பற்றி அண்ணன் இன்றைக்கும் புலம்புவார். வண்டியைக் கொடுத்துவிடலாமே என்று கேட்டால் முறைப்பார். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற கார் பந்தயத் தடம் இருக்கிற ஊர்க்காரர், வேறெப்படி இருப்பார்?

இந்த முறை நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே வண்டியில் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. மூன்றாவது கியரில் மிதித்தால், டர்போ இழுக்க ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி குலுங்கும், எஞ்சின் லைட் மின்னும். அந்த லைட் நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாகப் போய்க்கொள்ளலாம். மின்னினால் காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூட்டில் கெடுத்துவிடும். அதன் விலைக்கு இன்னும் இரண்டு மூன்று செட் காயில் வாங்கலாம்.

இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிப் பிளக்கில் பொறி விழ வைப்பது அதன் வேலை. டர்போ அழுத்தம் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது. அதைத் துளைத்துப் பொறி பாய இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அதனால்தான் சோர்ந்துபோன காயில் சும்மா நிற்கும்போது ஒழுங்காக வேலை செய்துவிட்டு, மேடு ஏறும்போது கைவிடும். இந்தக் காயில்களுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 2003 இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே லட்சக்கணக்கான கார்களில் இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

1.8 டர்போக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்கிற ஒரு மேம்பாடு இருக்கிறது. ஆடி ஆர்8 காருக்கு வந்த சிவப்புத் தலைக் காயிலை இதில் போடுவது. நான்கு பின் கனெக்டர் அதேதான், அப்படியே மாட்டிக்கொள்ளும். நான்கு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். சிவப்புத் தலையும் நீளக் கழுத்துமாக ஸ்கேனரில் என்னவாகத் தெரிந்ததோ, வழியில் ஒரு விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பார்த்துவிட்டு மூடச் சொல்லிவிட்டார்கள். பில்லைக் கையில் வைத்திருப்பது நல்லது.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். ஏசி அறை, காபி, டேப்லெட்டோடு ஒரு பையன். கொஞ்ச நேரம் கழித்து வந்த பதில்: “சார், இவ்ளோ பழைய வண்டிக்கு பார்ட்ஸ் வர்றதில்லை. எஞ்சின் ஒயரிங் மொத்தமா மாத்தணும், அதுவும் கேரண்டி சொல்ல முடியாது.” எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று கேட்டேன். அதை அவர்கள் பார்க்கவே இல்லை. எஸ்டிமேட் மட்டும் தயாராக இருந்தது.

அப்புறம் பீளமேட்டில் அண்ணனுக்குப் பழக்கமான ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, ஒரே ஒரு லிஃப்ட், மேசை மேல் கிரீஸ் படிந்த ஒரு லேப்டாப். அந்த மெக்கானிக் கேபிளைச் சொருகி, எந்த சிலிண்டரில் எத்தனை முறை மிஸ்ஸாகிறது என்று எண்ணிக் காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். இரண்டிலும் மூன்றிலும் எண் ஏறிக்கொண்டே போனது. நான் சிவப்புக் காயில் டப்பாவை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “இருங்ண்ணா, முதல்ல பழசு என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்றார்.

இந்தப் பயணத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அதுதான். இரண்டாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், மூன்றாவதை நான்காவதில். இரண்டில் இருந்த மிஸ்ஸிங் முதல் சிலிண்டருக்கு மாறிவிட்டது. அதாவது காயில் கோளாறு. முன்னால் வேறொரு கடையில் மாட்டிய, பேரே இல்லாத டூப்ளிகேட் அது. மூன்றாவதில் இருந்த மிஸ்ஸிங் மட்டும் நகரவே இல்லை. பிளக்கையும் மாற்றிப் பார்த்தார், அப்பவும் அங்கேயேதான். அப்படியென்றால் அங்கே குறை காயிலில் இல்லை, ஒயரிங்கில். சிவப்புக் காயிலை நேராக மாட்டியிருந்தால் பாதி சரியாகி, மீதிக்குக் காயில் மேலேயே பழி விழுந்திருக்கும்.

அதற்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அறுபது வயதிருக்கும், சட்டைப் பையில் டெஸ்ட் லைட், காதில் பென்சில். எஞ்சினுக்கு மேலே ஓடுகிற ஒயர்கட்டின் டேப்பை உரித்ததும், உள்ளே இருந்த ஒயர்களின் மேலுறை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. இருபது வருட எஞ்சின் சூடு, அதோடு கோவை வெயில். மூன்றாவது காயிலின் சிக்னல் ஒயரில் செம்பு வெளியே தெரிந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் எர்த் ஒயரில் போய் உரசியிருக்கிறது. அவர் ஒன்றை மட்டும் ஒட்டுப்போட்டு விடவில்லை. “ஒண்ணு போனா எல்லாம் போகும் தம்பி” என்று நான்கு காயிலுக்கும் போகிற ஒயர்களை, சூடு தாங்கும் சிலிக்கான் ஒயராகவே புதிதாக இழுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு லைட்டரில் சுருக்கி, மேலே துணி டேப் சுற்றினார். கிளிப் உடைந்த கனெக்டர்களுக்குப் புதுசு. கடைசியாக, எஞ்சினில் போல்ட் போட்டிருந்த எர்த் முனையைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினார். காயில் மாற்றுகிற பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் அது.

அடுத்த சிக்கல், சிவப்புக் காயிலின் கழுத்து எஞ்சின் மேல்மூடியின் துளையில் ஆடாமல் உட்காராது. நடுவில் ஒரு அலுமினிய வளையம் வேண்டும். ஐரோப்பாவில் அதை ரெடிமேடாக டப்பாவில் போட்டு விற்கிறார்கள். நான் வேண்டுமென்றே வாங்கவில்லை. கோவையிலேயே கணபதி ஏரியா பக்கம் லேத் பட்டறைகளை வைத்துக்கொண்டு வளையத்துக்குப் போய் யூரோ கொடுப்பதா? பட்டறைக்காரர் காயிலை ஒரு கையிலும் வெர்னியரை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சுவரில் சாக்பீஸால் நான்கு அளவு எழுதினார். ட்ராயிங் கேட்கவில்லை. அலுமினியக் கம்பியைச் சக்கில் மாட்டி, டீ வருவதற்குள் முதல் வளையத்தைக் கடைந்து கையில் கொடுத்தார். கொஞ்சம் இறுக்கம் என்றேன். இன்னொரு தடவை மெல்லிசாகச் சீவினார். சொருகினால் சிக்கென்று நின்றது. நான்கு வளையத்துக்கும் சேர்த்து 600 ரூபாய். ஸ்டுட்கார்ட்டில் அந்தப் பணத்துக்கு லேத்தை ஆன் பண்ணக்கூட மாட்டார்கள்.

ஒரே இடத்தில் மட்டும் மெக்கானிக்கோடு ஒத்துப்போகவில்லை. பிளக்கைக் கைக்கணக்கில் இறுக்கப் போனார். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் கதை கந்தல். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் லிஃப்ட்டுக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கிறது. தேடி எடுக்க வைத்து, எஞ்சின் ஆறின பிறகு 30 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். மாட்டுவதற்கு முன்பே பிளக்கில் பொறி பாயும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.8 மில்லிமீட்டருக்கு வைத்தோம். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் கடைசி பிளக்குக்கு அவரே ரெஞ்சை எடுத்துக்கொண்டார்.

சோதனை ஓட்டம் ஆழியாறிலிருந்து வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் வெளியே வந்து மூன்றாவதில் முழு மிதி. இதைவிட நல்ல டெஸ்ட் பெஞ்ச் எங்கே கிடைக்கும்? அண்ணன் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். தேயிலைத் தோட்டம் வரை நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம்.

வண்டிக்குப் புதுசாகப் பவர் வந்ததா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வரவில்லை. காயிலுக்கு எவ்வளவு நேரம் கரண்ட் கொடுப்பது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. அதில் எதையும் தொடாமல் சிவப்புத் தலையை மட்டும் மாட்டினால் பொறியில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. தொலைந்துபோன 150 திரும்பி வந்தது, அவ்வளவுதான். பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தத்தை ஏற்றி டியூன் பண்ணப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் காயிலின் அருமை முழுசாகத் தெரியும். மற்றவர்கள் நல்ல ஒரிஜினல் காயில் போட்டாலே போதும்.

குறை என்றால் நேரம்தான். “நாளைக்குக் காலைல வந்துருங்ணா” என்றால் மதியம் என்று அர்த்தம், சில சமயம் மறுநாள். குறைந்த லீவில் வருகிறவர்கள் இந்த மாதிரி வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பில் கேட்டால் டைரித் தாளில் எழுதித் தந்தார்கள், எலக்ட்ரீஷியன் கூலி 3,500 என்று தனியாக ஒரு வரி. அந்த நுணுக்க வேலைக்கு அது குறைவு, கூடக் கொடுத்தோம். இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஓஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அடுத்து அதைப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் எச்சரித்திருக்கிறார். பழைய காயில்களில் நன்றாக இருந்தவற்றில் இரண்டையும் ஒரு பிளக் ஸ்பானரையும் அண்ணன் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறார். அவற்றுக்கு வளையம் தேவையில்லை, வழியில் நின்றால் அப்படியே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.