மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற றோட்டில ஒரு ஐஸ் ரீ கடை

வேலை விசயமா கிழமைக்கு ரெண்டு நாள் வவுனியாவில இருந்து முல்லைத்தீவுக்கு மோட்டச்சைக்கிள்ள போய் வாறனான். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எண்டு ஏ9 றோட்டால வந்து மாங்குளம் சந்தியில வலப்பக்கம் திரும்பினா அதுக்குப் பிறகு ஒட்டுசுட்டான் மட்டும் ரெண்டு பக்கமும் காடும் வெயிலும்தான். சோளகம் தொடங்கினாப் பிறகு காத்து நல்லா அடிக்கும், ஆனா அது குளிர் காத்தில்ல, அடுப்பை ஊதேக்க முகத்தில அடிக்குமே அந்த மாதிரி. ஹெல்மெட்டுக்குள்ள தலை அவிஞ்சு போகும். அந்த றோட்டில ஒரு பாலை மரத்துக்குக் கீழ தகரக் கொட்டில் ஒண்டு இருக்கு, பேர்ப் பலகை ஒண்டும் இல்ல, காட்போட் மட்டையில மாக்கரால "ஐஸ் ரீ 150, பிளேன்ரீ 50" எண்டு எழுதித் தொங்கவிட்டிருக்கினம். அந்த ஐஸ் ரீயைப் பற்றித்தான் எழுதப்போறன்.

முதல் ரெண்டு மூண்டு தரம் மட்டையைப் பாத்திட்டு நிக்காமப் போனனான். என்னத்துக்கெண்டா எங்கட பக்கம் ஐஸ் ரீ எண்டு கேட்டா பக்கற்றை வெட்டித் தூளைக் கொட்டிக் கலக்கித் தருவினம், அந்தப் பக்கற்றுக்குப் பின்னால வாசிச்சா முதலாவதா எழுதிக் கிடக்கிறது சீனி, தேயிலை எங்கயோ கடைசிப் பக்கம் கிடக்கும். குடிச்சா பல்லுக் கூசும், தாகம் போகாது, பத்து நிமிசத்தில திரும்பவும் தண்ணி தேடவேணும். அதோட ஐஸ்ஸையும் நம்பேலாது. ஒருக்கா வேற ஒரு இடத்தில குடிச்ச கிளாசில மீன் மணம் அடிச்சுது, மீன் பெட்டிக்குப் போடுற கட்டி ஐஸ்ஸை உடைச்சுப் போட்டவங்களோ என்னவோ, அண்டைக்குப் பட்டது இன்னும் மறக்கேல்ல. ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு ரயர் காத்துப் போய் வேற வழியில்லாமத்தான் அந்தப் பாலை மரத்தடியில நிண்டனான்.

கடையை நடத்துற அக்காவுக்கு நாப்பது வயசு வரும். ரெஜிபோம் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தா, உள்ளுக்குக் கன்னங்கரேலெண்டு தேயிலைச் சாயம். கிளாசை முக்கால்வாசி ஐஸ்ஸால நிரப்பி, சீனிப்பாகு ரெண்டு கரண்டி, மேல சாயத்தை மெதுவா ஊத்தினா. நாலு புதினா இலையை உள்ளங்கையில வைச்சு மற்றக் கையால ஒரு அடி, 'டப்' எண்டு சத்தம், மணம் எனக்கு இஞ்சால வந்திட்டுது. கடைசியாத்தான் தேசிக்காய்ப் பாதி. அது விழ விழ கறுப்பா இருந்த தண்ணி அப்பிடியே தேன் நிறத்துக்கு வெளிச்சுக்கொண்டு வந்துது. "நிறம் மாறுது பாருங்க தம்பி" எண்டு அவவே காட்டினா, ஒவ்வொரு ஆளுக்கும் காட்டுவா போல. தேசிப் புளி பட்டா சாயத்தின்ர நிறம் இளகும், வீட்டில சூடு பிளேன்ரீக்குத் தேசிக்காய் பிழிஞ்சாலும் இதே கூத்துத்தான், ஆனா கிளாசில ஐஸ்ஸோட பாக்கேக்க அது வேற வடிவு.

குடிச்சாத் தேயிலை தெரியுது. இதுக்குத்தான் நான் காசு குடுக்கிறன். முதல் நாக்கில தேசிக்காய், பிறகு ஒரு சின்னத் துவர்ப்பு, விழுங்கினாப் பிறகு தொண்டையில இஞ்சி கொஞ்சம். ஐஸ் கரைஞ்சாலும் பச்சைத் தண்ணியாப் போகேல்ல, ஏனெண்டா சாயத்தையே ரெண்டு மடங்கு தடிப்பாத்தான் ஊத்தி வைக்கிறா, ஐஸ் கரையிற தண்ணியையும் கணக்கில எடுத்துத்தான் அந்த அளவு.

பின்னால வாங்கில அவவின்ர அம்மா இருப்பா, எழுபதை நெருங்கின மனிசி, தேயிலை விசயத்தில உண்மையான முதலாளி அவதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒண்டில கொழுந்து எடுத்தவவாம், 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோட வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின ஆக்கள். தேயிலை இப்பவும் அங்க இருக்கிற சொந்தக்காரர் மூலமாத்தான் வருது. "தோட்டத்தில இருக்கும்போது எங்களுக்குக் கெடச்சது தூசித்தூள்தான் தம்பி, நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிரும். இப்பதான் அத நான் குடிக்கிறேன்" எண்டு சொல்லிச் சிரிச்சா. நான் அதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாம கிளாசைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அவ பாவிக்கிறது டஸ்ட் எண்டுற அந்தத் தூசித்தூள் இல்ல, பி.ஓ.பி. எண்டுற கொஞ்சம் பெரிய துண்டுத் தேயிலை. டஸ்ட் பால் ரீக்குச் சரி, சட்டெண்டு நிறம் இறங்கும், ஆனா ஆற வைச்சுக் குடிச்சா நாக்கில இழுக்கும். 4000 அடிக்கு மேல விளையிற மலைத் தேயிலைக்கு நிறம் குறைவு, வாசம் கூட, ஐஸ் ரீக்கு அதுதான் பொருந்தும் எண்டுறது என்ர வாயின்ர முடிவு. இலங்கையில ஜேம்ஸ் ரெய்லர் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில 19 ஏக்கரில தொடங்கின தேயிலை, ஆனா அதை ஐஸ் போட்டுக் குடிக்கிற பேர் அமெரிக்காக்காரனுக்குப் போயிட்டுது. 1904இல அங்க செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்தப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன் எண்டவர், வெக்கைக்குள்ள சூடு ரீயைச் சனம் திரும்பியும் பாக்கேல்ல எண்டு ஐஸ் போட்டுக் குடுத்தாராம். அதுக்கு முதலே அங்க ஐஸ் ரீ குடிச்சவைதான், அந்தாள் அதைப் பிரபலமாக்கினது மட்டும்தான்.

சரி, வீட்டில செய்து பாத்த கதைக்கு வாறன். பாக்க லேசாக் கிடக்கே எண்டு அண்டைக்குப் பின்னேரமே எங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுத் தேயிலையையும் உள்ளுக்குப் போட்டுப் பத்து நிமிசம் காய்ச்சி, வடிச்சு, சூட்டோட பிரிட்ஜுக்குள்ள வைச்சன். விடிய எடுத்தா கலங்கின குளத்துத் தண்ணி மாதிரி ஒண்டு, மேல எண்ணெய் மாதிரி ஒரு ஆடை. மனுசி ஒரு வாய் குடிச்சிட்டு "இதைப் பூக்கண்டுக்கு ஊத்துங்கோ" எண்டுட்டா. அடுத்த கிழமை போய்ச் சொன்னன், தாயும் மகளும் சேந்து சிரிச்சினம். "தூளைக் காய்ச்சக்கூடாது தம்பி, தண்ணியக் கொதிக்க வச்சு எறக்கி ஊத்தணும், அஞ்சு நிமிசம், வடிச்சிரணும்." பிறகு ஆற விட்டுத்தான் குளிருக்குள்ள வைக்கவேணும். தடிப்பான சாயம் குளிரேக்க அதில உள்ள கஃபீனும் துவர்ப்புச் சத்தும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கலங்கல் அதுதான், பழுதில்ல, கொஞ்சம் கொதிதண்ணி விட்டாத் திரும்பவும் தெளியும். மேல மிதந்த ஆடைக்குக் காரணம் தண்ணி. எங்கட பக்கத்துக் கிணறு சுண்ணாம்புத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற அதே சாமான் சாயத்தோட சேந்து ஆடை கட்டும். அவையள் இருபது லீற்றர் கானில வாற பில்டர் தண்ணிதான் சாயத்துக்கும் ஐஸ்ஸுக்கும், ஐஸ் வீட்டு பிரீசரில கிண்ணத்தில வைக்கிறது, அதால மீன் மணத்துக்குப் பயமில்ல.

இப்ப என்ர வீட்டுக் கணக்கு இதுதான்: அரை லீற்றர் கொதிதண்ணிக்கு நாலு தேக்கரண்டி தேயிலை, வடிச்ச சூட்டோட சீனி, ஆறினாப் பிறகு அரை லீற்றருக்கு ஐஸ்ஸும் குளிர் தண்ணியும், தேசிக்காய் குடிக்கிற நேரம் மட்டும். முதலே பிழிஞ்சு வைச்சா அடுத்த நாள் கைக்கும். அவசரமில்லாட்டி பச்சைத் தண்ணியில தேயிலையைப் போட்டு இரவு முழுக்க பிரிட்ஜில வைச்சு விடிய வடிக்கிறனான், துவர்ப்புக் குறைவு, கலங்குறதும் இல்ல, மனுசிக்கு இதுதான் பிடிச்சது. சீனிக்குப் பதிலாப் பனங்கட்டி போட்டுப் பாத்தன், பனங்கட்டி ரீயை முழுங்கிட்டுது. பனங்கற்கண்டு பறுவாயில்லை. காட்டுத்தேன் நல்லாத்தான் இருக்கு, ஆனா விக்கிற விலைக்கு அதை ஐஸ் ரீக்குள்ள ஊத்த மனம் வரேல்ல.

கடையில நன்னாரி வேர் போட்ட ஐஸ் ரீயும் 200 ரூபாவுக்கு இருக்கு. மணம் நல்லம், ஆனா சர்பத் குடிச்ச மாதிரித்தான், தேயிலையைக் காணேல்ல. எனக்கு 150 ரூபாக் கிளாஸ் காணும்.

குறை இல்லாமலும் இல்ல. பாகு ரெண்டு கரண்டி எண்டுறது கூட, "ஒரு கரண்டி காணும்" எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ, கை பழகின வேகத்தில போட்டிடுவா. இருக்க ஒரு வாங்குதான், அதில பாதி அம்மாவுக்கு. பாசல் கேட்டா சொப்பின் பையில ஊத்தி றப்பர்பான் போட்டுத் தருவினம், அது ஒட்டுசுட்டான் போக முதலே சூடாயிடும், நான் இப்ப சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுபோறனான், அதுக்குள்ள மூண்டு மணித்தியாலம் ஐஸ் நிக்குது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அண்டைக்கு மட்டும் போகாதையுங்கோ. இந்த வைகாசியில அந்தச் சனத்துக்குள்ள நிண்டு வாங்கினன், சாயம் முடியுது எண்டு தண்ணியைக் கூட்டிட்டினம் போல, நிறம் இருந்துது, ரீ இல்ல. அண்டைக்கு வழியில தண்ணீர்ப் பந்தலில சும்மா குடுத்த மோர் இதை விட எவ்வளவோ திறம். பிறகு அக்காவிட்டச் சொன்னனான், முகம் சுருங்கிட்டுது, "அண்டைக்கு ஏலாமப் போச்சு தம்பி" எண்டிட்டு அடுத்த கிளாசுக்குக் காசு வேண்டேல்ல.

ஏ9 றோட்டில முறிகண்டிப் பிள்ளையாரடியில நிண்டு கச்சான் வாங்குற மாதிரி இப்ப எனக்கு இந்த இடமும் பழகிட்டுது. விடிய ஊத்துற சாயம் மூண்டரை நாலு மணியோட முடியும், அதுக்குப் பிறகு போறவைக்கு சூடு பிளேன்ரீதான். போனகிழமை நான் நாலேகாலுக்குப் போய் அதைத்தான் குடிச்சிட்டு வந்தனான், இஞ்சி போட்டு.