‘குளிர்கால டயர்’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பனிக்காலம் நெருங்குகிறது. சின்ன ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் இன்ஜின் விசை பின்சக்கரத்துக்கு மட்டும் போகிற கார் வைத்திருப்பவர்கள் இந்நேரம் டயர் விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். போன குளிர்காலம் தொடங்கும் முன் ஒரு டயர் கடை எனக்கு ‘புது வின்டர் டயர்’, அதாவது பனியிலும் குளிரிலும் பிடிப்பு தரும் குளிர்கால டயர், என்று சொல்லி நான்கு டயர்களை மாட்டி அனுப்பியது. அவை புதியவையும் இல்லை, வின்டர் டயரும் இல்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், நாளைக்கு அதே வேலையை வேறு எந்தக் கடை செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

என்னுடையது மியாட்டா என்று பலரும் சொல்கிற மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். அது முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்திருக்கும். இந்த மாதிரி காரைப் பனியில் எடுக்கிறேன் என்றாலே கேட்கிறவர்கள் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். பின்சக்கர ஓட்டம் என்றால் பனியில் வழுக்கத்தான் செய்யும் என்பது எல்லோர் மனதிலும் ஊறிப்போன எண்ணம். என்னை ஏமாற்றிய கடைக்கு இந்த எண்ணம்தான் கடைசி வரை கேடயமாக இருந்தது. எது நடந்தாலும் பழியைக் காரின் மேல் போட்டுவிடலாம், கேட்கிறவர்களும் நம்பிவிடுவார்கள்.

நான் கேட்டது நான்கு வின்டர் டயர். கடைக்காரர் முதலில் இரண்டு போதும் என்றார். இழுப்பது பின்சக்கரம்தானே, முன்னால் கோடை டயரே இருக்கட்டும் என்றார். இந்தப் பேச்சைக் கேட்டால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடலாம் என்று இப்போது சொல்வேன். கார் திரும்புவது முன்சக்கரத்தால். பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்வதால் நிற்பதும் பெரும்பாலும் முன்சக்கரத்தால்தான். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொண்டே வரும். பின்னால் பிடிப்பும் முன்னால் வழுக்கலுமாக இருந்தால் கார் கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது. நான்குதான் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்னதும், என் அளவில் ஒரு செட் இருப்பில் இருக்கிறது, காரை விட்டுப் போங்கள் என்றார். மாலையில் போனபோது கறுப்புப் பளபளப்போடு நான்கும் மாட்டியாகிவிட்டது. பில்லில் ‘நான்கு புதிய குளிர்கால டயர்’ என்று அச்சாகியிருந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

முதல் பனி விழுந்த அன்றே சந்தேகம் வந்தது. லேசான ஏற்றம், இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டும் படாமலும்தான். ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கார் அங்குலம் நகரவில்லை. இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சாதாரண வகையாக உள்ள காரில் இது நடக்கும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அது வீணாகச் சுற்றும், மற்றதற்கும் விசை போகாது. ஆனால் நல்ல வின்டர் டயர் அவ்வளவு சின்ன ஏற்றத்தில் இப்படிக் கைவிடாது. கடைக்குப் போன் செய்தேன். புது டயர் அப்படித்தான், கொஞ்ச தூரம் ஓடினால் மேல்பூச்சு தேய்ந்து பிடிப்பு வந்துவிடும் என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. டயரை வார்க்கும் அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் போடும் பூச்சு புது டயரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது தேயும் வரை பிடிப்பு குறைவுதான். புது டயராக இருந்தால்!

அடுத்து டிக்கியில் மணல் மூட்டை வைக்கச் சொன்னார்கள். பின்பக்கம் எடையே இல்லாத பிக்கப் வண்டிக்கு அது சரி. எடை ஏற்கெனவே சரிபாதியாக இருக்கும் சின்ன காரில், பின் அச்சுக்கும் பின்னால் பாரம் ஏற்றினால் கிளம்பும்போது கொஞ்சம் உதவும். வளைவில் பின்பக்கம் ஒருமுறை விலகிவிட்டால் அதே பாரம் அதை இன்னும் வெளியே தள்ளும். நான் வைக்கவில்லை. அதைச் சொன்னதும், ‘அப்படியானால் நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று கைவிரித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. மெல்ல இறங்கும் சாலை, இடது வளைவு, வேகம் ரொம்பக் குறைவு. வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். பின்சக்கர காரில் காலை எடுத்ததும் இன்ஜினின் தடுப்பு முழுவதும் பின்னிரண்டு சக்கரங்களின் மேல்தான் விழும். சாதாரணச் சாலையில் அது தெரியவே தெரியாது. பிடிப்பில்லாத டயரில், கைபிரேக்கைப் பட்டென்று இழுத்த மாதிரி ஆகிவிடுகிறது. பின்பக்கம் விலகியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியும் பிடிக்கவில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2265 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான கார் சுழல ஆரம்பித்தால் யோசிக்க நேரம் தராது. கார் சறுக்கும்போது தானாகவே பிரேக் போட்டு நேராக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் என் காரில் கிடையாது. வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, ஓரத்தில் குவித்திருந்த பனியில் பின்பக்கம் மோதி நின்றது. பம்பர் விரிசல். எதிரே வண்டி வராததால் அதோடு போயிற்று. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

கடையில் போய்ச் சொன்னேன். பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரைப் பனியில் எடுத்தால் இப்படித்தான், குளிர்காலம் முடியும் வரை மூடி போட்டு நிறுத்துங்கள் என்றார்கள்.

உண்மை வெளியே வந்தது வேறு ஒரு மெக்கானிக்கிடம். மோதியதில் வீல் அலைன்மென்ட் மாறியிருக்குமோ என்று காண்பிக்கப் போயிருந்தேன். லிஃப்டில் ஏற்றியதும் அவர் டார்ச்சை எடுத்து, அலைன்மென்டைப் பார்ப்பதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தைப் பார்த்தார். என்னைக் கீழே வரச் சொல்லிக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு குறியீட்டு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரான தேதி. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தேதியோடு கூடிய முழு வரிசை பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். என் காரில் நான்கு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே, காரின் அடிவயிற்றைப் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். நான்கும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. கிட்டத்தட்டப் பத்து வருடப் பழைய டயர்கள்.

பிறகு ஒரு துணியில் கிளீனரைத் தொட்டு வெளிப்பக்கத்தைத் துடைத்தார். பளபளப்பு துணியோடு வந்துவிட்டது. கீழே ரப்பர் சாம்பல் பாய்ந்திருந்தது. தரையைத் தொடும் பகுதியின் பள்ளங்களின் அடியில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். ஆழமானி வைத்துப் பார்த்தால் 5 மி.மீ. புது வின்டர் டயரில் சுமார் 8 இருக்க வேண்டும். யாரோ ஓட்டிக் கழித்த டயரைக் கழுவி, பாலிஷ் போட்டு எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தது. ‘சேறும் பனியும்’ என்பதற்கான சுருக்கம் அது. டயரின் பள்ள அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம், பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டியதில்லை. நாம் தேட வேண்டியது மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் உள்ள சின்னம். அதைப் பொறிக்க வேண்டுமானால், பனியில் வைத்துச் செய்யும் சோதனையில் ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் ஒரு குறிப்பு டயரை விட இவ்வளவு கூடுதல் பிடிப்பு என்று காட்டித் தேற வேண்டும். ஜெர்மனியில் 2018 ஜனவரி முதல் தயாரான டயர்களில் இந்தச் சின்னம் இருந்தால்தான் குளிர்கால டயர் என்று கணக்கு; அதற்கு முந்தைய எம்+எஸ் டயர்களுக்குத் தந்திருந்த அவகாசமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. வருடம் முழுக்க ஓட்டுவதற்கான சில ஆல்-சீசன் டயர்களிலும் இந்தச் சின்னம் உண்டு. அந்தச் சோதனை பனியில் உள்ள பிடிப்பை மட்டுமே பார்க்கிறது, பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதைப் பார்ப்பதில்லை. எடை குறைந்த பின்சக்கர காருக்கு முழு வின்டர் டயரையே தேடுங்கள் என்பது என் கருத்து.

சின்னம் தேடத் தெரியாவிட்டாலும் கையால் பார்க்கலாம். வின்டர் டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியது போல நெளிநெளியாக ஏராளமான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவதே அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான். விரலால் அழுத்தித் தள்ளினால் கட்டை அசைந்து, வெட்டுகள் வாய் திறப்பது தெரியும். எனக்கு மாட்டியிருந்ததில் கட்டைக்கு ஓரிரு வெட்டுதான், நகம் கூட இறங்கவில்லை.

மெக்கானிக் எழுதிக் கொடுத்ததையும் படங்களையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது கடைக்காரரின் பேச்சு மூன்று தடவை மாறியது. முதலில், எம்+எஸ் என்றாலே வின்டர்தான் என்றார். தேதியைக் காட்டியதும், கிடங்கில் இருந்த டயர், ஓடாததால் புதிதுதான் என்றார். ஓடாத டயரில் எப்படி 3 மி.மீ. தேயும் என்று கேட்டதும், டயரை நீங்களே மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்றார். இந்தக் கடைசிப் பேச்சுக்குப் பிறகு அங்கே நின்று வாதாடுவதில் பயனில்லை. பில்லின் நகலோடு நுகர்வோர் புகார் கொடுத்தேன். கார்டில் பணம் கட்டியிருந்ததால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியிடமும் மறுப்பு எழுதிக் கொடுத்தேன். டயருக்கான பணம் வங்கி வழியாகத் திரும்ப வந்துவிட்டது. பம்பருக்கான செலவும் மாட்டுக்கூலியும் இன்னும் புகாரில்தான் கிடக்கின்றன.

இப்போது ஓடுவது, நானே சின்னத்தையும் தேதியையும் பார்த்து வாங்கிய டயர்கள். 195/50 ஆர்15க்குப் பதிலாக 185/60 ஆர்14 போட்டேன் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், கடைசி எண் அங்குலத்தில் வீல் அளவு); சுற்றளவு ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் அகலம் குறைவு. அகலம் குறைந்தால் பனியை அழுத்திக்கொண்டு இறங்கும், மேலே மிதக்காது. பெரிய பிரேக் உள்ள மாடல்களில் 14 அங்குல வீல் உட்காராது, அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஏற்றத்தில் அதே கார் இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறுகிறது. அதே வளைவில் காலை எடுத்தால் சொன்னபடி கேட்கிறது. ஆழமான பனியில் அடிப்பாகம் தட்டும், அது தாழ்ந்த காருக்கு இயல்பு. அந்த நாட்களில் எடுப்பதில்லை. மற்றபடி குளிர்காலம் முழுக்க மூடி போட்டு வைக்க வேண்டிய கார் இல்லை இது.

டயர் மாட்டக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வீலில் ஏற்றும் முன்பே நான்கு டயரையும் தரையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தேதியையும் சின்னத்தையும் ஒவ்வொன்றிலும் படம் எடுங்கள். பில்லில் பிராண்ட், மாடல் பெயர், அளவு, தயாரான வாரம் எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘குளிர்கால டயர்’ என்று போட்டால் அதை ஏற்காதீர்கள். சுழற்சித் திசைக்கு அம்புக்குறி உள்ள டயர் என்றால் கார் முன்னால் போகும் திசையோடு அது ஒத்துப்போகிறதா என்று வெளியே எடுக்கும் முன் நான்கையும் சுற்றிப் பாருங்கள். போன வருடம் வாங்கி மாட்டியவர்கள் காரை லிஃப்டில் ஏற்றி உள்பக்கத்தைப் படித்துவிடுங்கள். இதே போல நடந்திருந்தால் டயரைக் கழற்றி எறிந்துவிடாமல் வைத்திருங்கள். புகாரில் முதலில் கேட்பது அதைத்தான்.