பணமா, புழுக்கையா? ராகி அறுத்த கொல்லையை யாருக்கு மேய்ச்சலுக்கு விடலாம்?

மார்கழியில் ராகி அறுத்துக் களத்துக்குப் போனபின், தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகள் அடுத்த ஆடி வரை சும்மா கிடக்கும். தாளும் வரப்புப் புல்லும் மாசி வரை தாங்கும். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள். மாட்டுக்காரர் பணத்தோடு வருவார். செம்மறி வைத்திருப்பவர் பணத்துக்குப் பதில் பட்டி போட்டுத் தருகிறேன், அதாவது ராத்திரியில் ஆட்டை உங்கள் கொல்லையிலேயே அடைத்து எருவிட்டுத் தருகிறேன் என்பார். இரண்டு கறவை வைத்திருப்பவர் புல்லை அறுத்துக்கொண்டு போகக் கேட்பார்.

காட்டோர ஊர்களில் இந்தத் தேவை சும்மா வந்ததல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனஉயிரின சரணாலயம் ஆனது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குத் தளர்த்தியது. காட்டுக்குள் மாடு ஓட்டிப் பழகியவர்களுக்குப் பட்டா நிலத்துப் புல்தான் மிச்சம். அவர்களிடம் அடித்துப் பேசி வாடகை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணக்குத்தகையில் கணக்கு சுலபம். ஆனால் கொல்லைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசினால் பத்து மாடு என்றது இருபது ஆகும். தலைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுவதே நல்லது. ஈரம் காயாத செம்மண்ணில் மாடு மிதித்தால் மண் இறுகும், கல் வரப்பும் சரியும்.

பட்டியைத்தான் நான் மேலாக நினைக்கிறேன். மேச்சேரிச் செம்மறிகள் பகலில் தாளை மேயும், ராத்திரி படலுக்குள் (நகர்த்தக்கூடிய தட்டி வேலிக்குள்) அடையும். ஒரே இடத்தில் விடாமல் தினமும் படலை நகர்த்தினால் கொல்லை முழுக்கப் புழுக்கை விழும். வண்டியில் அள்ளிவந்து கொட்டும் எருவில் ஆட்டு மூத்திரம் வராது. பட்டியில் அது நேராக மண்ணில் இறங்கும். பட்டி எடுத்த கையோடு ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் எருவிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். பணம் வாங்கியவர் ஆடியில் அதையே கொடுத்து உரமூட்டை வாங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குறையும் உண்டு. சீமைக் கருவேலங்காய் தின்ற ஆடு விதையையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும்; மழைக்குப் பிறகு முள்ளுக்கன்று பிடுங்க வேண்டிவரும். அஞ்செட்டி மாதிரிக் காட்டோரத்தில் சிறுத்தை பயம் இருப்பதால் நாயும் காவலும் இல்லாத பட்டியை ஒத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், ராகிக்குள் அவரையோ துவரையோ ஊடுபயிராக இருந்தால் அது தை வரை நிற்கும். எங்கள் கொல்லைக்கு வந்த ஆடுகள் ஒரு மத்தியானம் பக்கத்துக் கொல்லைப் பங்காளியின் துவரையில் இறங்கிவிட்டன. நஷ்டத்தை யார் கொடுப்பது என்று முன்பே பேசாததால் இரண்டு வருஷம் அவர் எங்களோடு பேசவில்லை.

புல்லை அறுத்துக்கொண்டு போக விடுவது மாந்தோப்புக்குத்தான் பொருந்தும். கிருஷ்ணகிரிப் பக்கம் காய் இறங்கியபின், ஆடியிலிருந்து கார்த்திகை வரை தோப்புக்குள் புல் நன்றாக இருக்கும். அங்கே வெள்ளாடு கூடவே கூடாது, இளமரத்துப் பட்டையை உரித்துவிடும். பூ எடுத்து மருந்தடிக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் புல்லை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

யாருக்கு விட்டாலும் வாயில்லா ஜீவனுக்கு நம் நிலத்தில் என்ன ஆபத்து என்று சொல்லிவிட வேண்டும். சோளம் அறுத்த கட்டையில் மழைக்குத் துளிர்க்கும் இளங்குருத்தில் சயனைடு நஞ்சு இருக்கும்; பசியோடு மேய்ந்த மாடு சற்று நேரத்தில் விழுந்துவிடும். வேலியோர உண்ணிச்செடியும் மாட்டுக்கு ஆகாது. புது மழைப் புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். "தடுப்பூசி போட்டாச்சுங்கண்ணா, ஆனாலும் வெயில் ஏறினதுக்கு அப்புறந்தான் விடுவேன்" என்று சொன்ன பட்டிக்காரரிடம் நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

குத்தகைக்கு உழுபவரை எளிதில் வெளியேற்ற விடாத 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்துப் பயந்து, நிலத்தைப் பூட்டியே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் மட்டும், உழவு நம்முடையது, இந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆட்டின் எண்ணிக்கை, தண்ணீர்த் தொட்டி யார் பொறுப்பு, செத்த ஆட்டை எங்கே புதைப்பது, பக்கத்துக் கொல்லை நஷ்டம் ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும்.