அல்கார்வேயா, கோஸ்டா டெல் சோலா? கார் ஓட்ட ஆள் இருக்கான்னு மொதல்ல பாருங்க

போர்ச்சுகலோட தெற்குக் கரை அல்கார்வே, ஸ்பெயினோட தெற்குக் கரைல மலகா ஊர ஒட்டி இருக்கற கோஸ்டா டெல் சோல், இந்த ரெண்டுல எங்க போறதுன்னு கேக்குறவங்க நெறைய பேர் ஃபோட்டோவ பாத்துதான் முடிவு பண்றாங்க. ஃபோட்டோல அல்கார்வேதான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே வேணாம், மஞ்சளும் செவப்புமா குடைஞ்சு வெச்ச சுண்ணாம்புப் பாறை, நடுவுல பச்சைத் தண்ணி, அந்த மாதிரி ஒரு காட்சி மலகா பக்கம் கெடையாது. ஆனா அந்தப் பாறைக்குக் கீழ எறங்குற படிக்கட்ட ஃபோட்டோல யாரும் காட்டுறதில்ல, அந்த பீச்சுக்கு பஸ் ஒழுங்கா வராதுங்கறதையும் காட்டுறதில்ல. அதனால நான் யாருக்கு சொன்னாலும் மொதல்ல கேக்குறது ரெண்டே கேள்வி, உங்க கூட யார் வர்றாங்க, அவங்கள்ல கார் ஓட்டுறது யாரு.

போக்குவரத்துல மலகா கிட்ட அல்கார்வே நெருங்கவே முடியாது. மலகா ஏர்போர்ட்டுக்குள்ளயே செர்கனியாஸ் லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் இருக்கு, ஒரு பக்கம் ஏறினா சிட்டி சென்டர், எதிர்ப்பக்கம் ஏறினா டொர்ரெமோலினோஸ், பெனால்மாடேனா, கடைசியா ஃபுவென்ஹிரோலா, சுமாரா இருவது நிமிஷத்துக்கு ஒரு வண்டி. மேட்ரிட்ல எறங்கி வர்றவங்களுக்கு ஏவிஇ அதிவேக ரயில் இருக்கு, மூணு மணி நேரத்துக்குள்ள மலகா வந்துடலாம். ஒரே குறை, மார்பெயாவுக்கு ட்ரெயின் கெடையாது, நெர்ஹாவுக்கும் கெடையாது, பஸ்தான், ஆனா அந்த பஸ் நல்லாவே ஓடுது.

அல்கார்வேல ஒரே ஒரு ரயில் பாதை, லாகோஸ்ல ஆரம்பிச்சு ஃபாரோ, தவீரா வழியா ஸ்பெயின் எல்லை வரைக்கும் போகுது, மெதுவான வண்டி, லாகோஸ்ல இருந்து ஃபாரோ வரவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அல்புஃபெய்ரான்னு பேர் போட்ட ஸ்டேஷன்ல எறங்கினா ஊரு அங்கேர்ந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. நல்ல பீச் எல்லாம் ரயில் பாதைக்கு தூரமா பாறை ஓரத்துல இருக்கறதால கார் இல்லாம போனீங்கன்னா பாதி நாள் டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்தே போயிடும். கார் இருந்தா கதையே வேற. ஏ22 நெடுஞ்சாலைல முன்னாடி எலக்ட்ரானிக் டோல் இருந்துச்சு, வெளிநாட்டுக்காரங்களுக்கு அது பெரிய தலவலி, 2025 ஜனவரி 1ல இருந்து அத எடுத்துட்டாங்க, இப்ப இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் டோல் இல்லாம போலாம். ஸ்பெயின் பக்கம் ஏபி-7ல இன்னும் டோல் இருக்கு, ஆனா பக்கத்துலயே ஏ-7 ஃப்ரீ. நம்ம ஊர் லைசென்ஸ்ல ஓட்டுறவங்க இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துட்டு போங்க, ஆட்டோமேட்டிக் வண்டி வேணும்னா சீக்கிரமே புக் பண்ணுங்க, அங்க கியர் வண்டிதான் அதிகம்.

இப்ப கடல். ரெண்டுமே தெற்கு ஐரோப்பா, வெயில் கொளுத்துது, அதனால தண்ணி வெதுவெதுப்பா இருக்கும்னு நெனச்சுட்டு போனா, குத்தாலத்துல மொத தடவ அருவிக்குக் கீழ தல குடுத்த மாதிரி ஒரு திடுக் இருக்கும். அல்கார்வே அட்லாண்டிக், அதனால சில்லுனு இருக்கறது புரியுது. மலகா மெடிட்டரேனியன்தானே, அங்க ஏன் சில்லுங்குதுன்னா ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியா அட்லாண்டிக் தண்ணி நேரா உள்ள வருது, மேற்குக் காத்து அடிச்சா அடியில இருக்கற குளிர்ந்த தண்ணியும் மேல ஏறிடுது. ஆகஸ்ட்லயே ரெண்டு பக்கமும் 20ல இருந்து 23 டிகிரி அளவுதான். வெதுவெதுப்பான கடல்தான் முக்கியம்னா கிரீஸ் பக்கம் பாருங்க, இந்த ரெண்டும் உங்களுக்கு சரிவராது.

இதவிட பெரிய வித்தியாசம் ஓதம். மெடிட்டரேனியன்ல கடல் ஏறி எறங்குறது கண்ணுக்கே தெரியாது, காலைல துண்டு விரிச்ச எடத்துல சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம். அல்கார்வேல தண்ணி மூணு மீட்டர் வரைக்கும்கூட ஏறி எறங்கும், பாறைக்கு நடுவுல இருக்கற குட்டி பீச் சிலது ஏத்தத்துல காணாமயே போயிடும், அதனால அன்னிக்கு ஓதம் எத்தன மணிக்குன்னு பாக்காம எறங்கக்கூடாது. பாறை நெழல்ல போய் படுக்காதீங்க, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், 2009 ஆகஸ்ட்ல அல்புஃபெய்ரா பக்கத்துல மரியா லூயிசா பீச்சுல பாறை சரிஞ்சு விழுந்து அஞ்சு பேர் செத்துப்போனாங்க. எச்சரிக்கை போர்டு எல்லா எடத்துலயும் வெச்சிருக்காங்க, வெயில் தாங்காம ஜனங்க அதுக்குக் கீழயே போய் உக்காருறாங்க, குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க ஒரு குடை வாடகைக்கு எடுத்துக்கிட்டா போதும்.

பெனாகில் குகை பத்தி எல்லாரும் கேப்பாங்க. மேல ஓட்ட வழியா வெளிச்சம் விழுற அந்தக் குகைக்கு 2024ல இருந்து கட்டுப்பாடு வந்துடுச்சு, நீந்திப் போகக்கூடாது, உள்ள மணல்ல எறங்கக்கூடாது, கயாக்னாலும் கைடு கூட இருக்கணும். எனக்கு இது நல்ல முடிவாதான் படுது, அந்தச் சின்ன வாய்க்குள்ள படகும் நீந்துறவங்களும் ஒண்ணா முட்டி மோதிக்கிட்டு இருந்தாங்க. குகைக்கு மேல நடக்குற பாதைதான் என்னோட சாய்ஸ், மரின்யா பீச்சுல இருந்து வலே சென்டியானிஷ் பீச் வரைக்கும் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், ஏழு தொங்கும் பள்ளத்தாக்குன்னு பேர், காசு ஒண்ணும் கெடையாது, காலைல எட்டு மணிக்கு முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா வெயிலும் இல்ல கூட்டமும் இல்ல.

அல்கார்வேன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கிழக்கா மேற்கான்னு அடுத்த கேள்வி, இத யாரும் யோசிக்கறதே இல்ல. மேற்குல லாகோஸ், சாக்ரெஷ், பாறை, அலை, சர்ஃபிங், காத்து. ஃபாரோ தாண்டி கிழக்குல பாறையே கெடையாது, ரியா ஃபோர்மோசான்னு ஒரு உப்பங்கழி, அதுக்கு வெளிய நீளமான மணல் தீவுகள், படகுல போய் எறங்கணும். தவீராவுல தங்கினா ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குள்ள நடந்தே போயிடலாம், ஊருக்குள்ள ஆறு, ஆத்து வழியா படகு, அந்தப் பக்கம் தீவு. பக்கத்துல பாரில் பீச்சுக்கு குட்டி ரயில் போகுது, ஒரு காலத்துல அங்க சூரை மீன் புடிச்சவங்களோட நங்கூரங்கள மணல்ல வரிசையா நட்டு வெச்சிருக்காங்க. கார் இல்லாமயும் அல்கார்வேதான் வேணும்னு அடம்பிடிக்கறவங்களுக்கு நான் சொல்றது தவீரா மட்டும்தான். மேற்குல லாகோஸ் போனா பீச்ச மட்டும் பாத்துட்டு திரும்பாதீங்க, 1444ல ஆப்பிரிக்காவுல இருந்து புடிச்சுட்டு வந்த 235 பேர அந்த ஊருக் கரைல எறக்கி பங்கு போட்டாங்க, அந்த எடத்துல இப்ப சின்னதா ஒரு மியூசியம் இருக்கு, அரை மணி நேரம் போதும், கண்டிப்பா போங்க.

கடல விட்டுட்டு வேற என்ன இருக்குன்னு பாத்தா மலகா ரொம்ப மேல. ஊருக்குள்ளயே ரோமானியர் தியேட்டர், அதுக்கு மேல அல்கசபா கோட்டை, பிக்காசோ பொறந்த ஊரு, 2003ல அவர் பேர்ல பெரிய மியூசியம் தொறந்தாங்க. பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிரனாடா, அங்க அல்ஹாம்ப்ரா அரண்மனைக் கோட்டை. ரோண்டாவுல பள்ளத்தாக்குக்கு மேல கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஒசரத்துல 1793ல கட்டி முடிச்ச பாலம். நெர்ஹா குகை 1959ல கண்டுபுடிச்சது, உள்ள இருக்கற சுண்ணாம்புத் தூண்கள் பெனாகில்ல விட எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா பீச் சுமார்தான், மலகா மணல் சாம்பல் கலரு, பின்னாடி அடுக்குமாடிக் கட்டடம். வயசானவங்களுக்கு அதே எடம்தான் வசதி, பெனால்மாடேனா, டொர்ரெமோலினோஸ் பக்கம் கடலை ஒட்டி சமதளமா நடைபாதை போகுது, படி ஏறாம எறங்காம சாயங்காலம் முழுக்க நடக்கலாம். எங்க அம்மா முட்டி வலியோட அங்க நடந்தத பாத்துட்டுதான் இத சொல்றேன்.

சாப்பாடு. மீன் சாப்புடுறவங்களுக்கு ரெண்டும் சொர்க்கம். மலகால பீச்சு ஓரமா மணல் நெறச்ச பழைய படகுல தீ மூட்டி, மத்தி மீன குச்சில கோத்து சுட்டுத் தர்றாங்க, எஸ்பெட்டோன்னு சொல்லுவாங்க. அல்கார்வேல செம்பு சட்டில மூடி வேக வைக்கிற கட்டப்ளானா, கீயான்னு ஒரு ஊருல பிரி பிரி சிக்கன். சுத்த சைவம்னா மலகா பரவால்ல, கத்திரிக்காய வறுத்து கரும்புப் பாகு ஊத்தி தர்றாங்க, அந்தப் பாகு காய்ச்சுற ஆலை பக்கத்துல ஃப்ரிஹிலியானால இன்னைக்கும் ஓடுது. சால்மொரேஹோ சூப்ல மேல பன்றிக்கறி தூவிடுவாங்க, முன்னாடியே சொல்லிடுங்க. அல்கார்வேல உள்ளூர் சாப்பாட்டுல சைவம் கஷ்டம், அல்புஃபெய்ரா மாதிரி ஊருல இந்தியன் ரெஸ்டாரன்ட் நெறைய இருக்கு. போர்ச்சுகல்ல உக்காந்ததும் ரொட்டி, ஆலிவ் கொண்டாந்து வெப்பாங்க, சாப்ட்டா பில்லுல வரும், வேணாம்னா திருப்பி அனுப்பலாம். இன்னொண்ணு, போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, ஜூன்ல ஃபாரோல ஒம்போதுக்கு முன்னாடி சூரியன் மறையும், மலகால 9:40 ஆகும், அங்க ராத்திரி சாப்பாடும் அதுக்கேத்த மாதிரி லேட், சின்ன புள்ளைங்களுக்கு கையில எதாவது வெச்சுக்கோங்க.

மாசம்னா மே, ஜூன், செப்டம்பர், ரெண்டுக்கும் அதே பதில். ஆகஸ்ட் வேணாம், கூட்டமும் வெலையும் ஒரு பக்கம், மலகால உள்நாட்டுல இருந்து தெர்ரால்னு ஒரு அனல்காத்து அடிக்கும், அன்னிக்கு வெளிய தலகாட்ட முடியாது. மலகால தங்கறதுக்கு நான் ஓட்டலத்தான் சொல்லுவேன், வீடெல்லாம் டூரிஸ்ட் வாடகைக்குப் போயி உள்ளூர்க்காரங்களுக்கு கெடைக்காம 2024ல ஊரே ரோட்டுல எறங்கிப் போராடுச்சு.

ஆக என் ஓட்டு, ஜோடியாவோ ஃப்ரெண்ட்ஸாவோ போறீங்க, கார் ஓட்டுவீங்க, கடல்தான் எல்லாம்னா அல்கார்வே. அப்பா அம்மா, புள்ளைங்க, கார் இல்லன்னா மலகா. ஒரே வாரத்துல ரெண்டையும் பாக்குறேன்னு கெளம்பாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல எல்லைய தாண்டுற ட்ரெயினே கெடையாது, செவில்யா வழியா பஸ்லதான் போகணும். பத்து பன்னெண்டு நாள் இருந்தா தாராளமா பண்ணலாம், அப்ப எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டு ஷெங்கன் விசாவுக்கு அப்ளை பண்ணுங்க, பீஸ் 90 யூரோ, ஆறு மாசம் முன்னாடியே போடலாம், சம்மர்னா அப்பாயின்ட்மென்ட் கெடைக்கறதே கஷ்டம். மலகான்னு முடிவானா விசா கைக்கு வந்த அன்னிக்கே அல்ஹாம்ப்ரா டிக்கெட் போட்டுடுங்க, அதுக்குள்ள இருக்கற நாஸ்ரித் அரண்மனைக்கு நேரம் குறிச்ச டிக்கெட், பேரும் பாஸ்போர்ட் நம்பரும் கேப்பாங்க, அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டா கெடைக்காது.